அக்காவுக்கு இரண்டு அம்பு

கணக்குக்குள் எழுத்துகள் வந்து உட்கார்ந்த பிறகு எனக்கும் கணக்குக்கும் ஒத்துப்போகவில்லை. எட்டாம் வகுப்பில் x வந்தபோதே எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் அது எங்கேயோ ஒளிந்திருக்கிற ஓர் எண், தேடிப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டால் வேலை முடிந்தது என்று ஒருவழியாகப் பழகிக்கொண்டேன். பத்தாம் வகுப்பில் அந்த x-ஐ அடைப்புக்குறிக்குள் தள்ளி, வாசலில் f என்று இன்னொரு எழுத்தைக் காவலுக்கு நிறுத்தினார்கள். f(x). அத்தோடு நான் தொலைந்தேன்.

அடைப்புக்குறிக்குப் பக்கத்தில் எது நின்றாலும் பெருக்க வேண்டும் என்று அதுவரை தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தவர்கள் இவர்கள்தான். f(x) = 2x + 3 என்றால் f(5) எவ்வளவு என்று கேட்டிருந்தது. x இருந்த இடத்தில் ஐந்தைப் போட்டுப் பதின்மூன்று கண்டுபிடித்தேன். அதோடு விட்டிருந்தால் மார்க் கிடைத்திருக்கும். எனக்குத்தான் விட மனசு வராதே. f-ஐ ஐந்தால் பெருக்கினால் பதின்மூன்று, அப்படியானால் f என்பது பதின்மூன்றின் கீழ் ஐந்து என்று அடுத்த வரியும் எழுதினேன். அதற்குக் கீழே f(2) கேட்டிருந்தது. ஏழு வந்தது. அப்படியானால் f ஏழின் கீழ் இரண்டு. ஒரே பக்கத்தில் f இரண்டு விதமாக இருந்ததால் தப்பு புத்தகத்தில்தான் என்று முடிவு செய்து, நோட்டை எடுத்துக்கொண்டு சாரிடம் போனேன்.

எங்கள் கணக்கு சார் திருப்பதியிலிருந்து தினமும் ரயிலில் நகரிக்கு வந்து போகிறவர். தெலுங்குக்காரர். வகுப்பில் பாதிப் பேர் தமிழ் வீட்டுப் பிள்ளைகள் என்பதால் எங்களுக்காகத் தமிழும் பேசுவார், அவருக்குத் தெரிந்த அளவில். என் நோட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எஃப் நம்பர் இல்லம்மா. அதுக்கு வேல்யூ கேட்டா அது எங்க போகும், பாவம்? நீ உள்ள ஒண்ணு போடறே, அது வெளிய ஒண்ணு குடுக்குது. அந்தே, அவ்ளோதான். அர்த்தமாயிந்தா?”

“ஆயிந்தி சார்” என்றேன். அந்தப் பதிலைச் சொல்லாமல் எங்கள் பள்ளிக்கூடத்தில் யாரும் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார முடியாது.

உண்மையில் ஒன்றும் ஆகவில்லை. f எண் இல்லை என்பதையாவது ஒத்துக்கொள்ளலாம். x யார் என்று கேட்டதற்கு, “யாரு வேணா இருக்கலாம்” என்றாரே, அதுதான் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. போன வருஷம் வரை தேடிப் பிடிக்க வேண்டிய ஆளாக இருந்தவன் இந்த வருஷம் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம் என்றால் என்ன நியாயம்?

எனக்கு மட்டும் இல்லை, வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்கும் இதே கதிதான் என்று தெரிந்ததும் சார் ஒரு வழி செய்தார். பள்ளிக்கூடத்தில் மேத்ஸ் எக்ஸிபிஷன் வரப்போகிறது, f என்றால் ஃபங்ஷன், ஆளுக்கொரு ஃபங்ஷனை அவரவர் வீட்டிலிருந்தே கண்டுபிடித்துச் சார்ட்டில் வரைந்து வரவேண்டும் என்றார். இடப்பக்கம் ஒரு முட்டை வட்டம், வலப்பக்கம் ஒரு முட்டை வட்டம், நடுவில் அம்புகள். இடப்பக்கம் இருக்கும் ஒவ்வொருவரிடமிருந்தும் ஓர் அம்பு புறப்பட வேண்டும். ஒன்றே ஒன்றுதான். அம்பே இல்லாமல் யாரும் நிற்கக் கூடாது, ஒருவரிடமிருந்து இரண்டும் போகக் கூடாது. வலப்பக்கம் ஒரே இடத்தில் பத்து அம்பு வந்து விழுந்தாலும் குற்றமில்லை. பிள்ளைகளை இடப்பக்கமும் அம்மாக்களை வலப்பக்கமும் எழுதிக் காட்டினார். அண்ணன், தம்பி இருவரின் அம்பும் ஒரே அம்மாவிடம் போய்ச் சேர்ந்தன. ஃபங்ஷன். அதையே திருப்பிப் போட்டால் அம்மாவிடமிருந்து இரண்டு அம்பு கிளம்பியது. ஃபங்ஷன் இல்லை. நன்றாக வருகிற சார்ட்டைப் பப்ளிக் பரீட்சை முடியும் வரை வகுப்புச் சுவரில் மாட்டி வைப்பதாகவும் சொன்னார்.

நான் வீட்டு மனிதர்களை எடுத்துக்கொண்டேன். இடப்பக்கம் அவர்களின் பெயர்கள், வலப்பக்கம் நான் அவர்களைக் கூப்பிடுகிற முறை. பெயர்களை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் ஒரு சண்டை வரும், எங்கள் வீட்டுக்கு இதுவரை வந்த சண்டைகளே போதும்.

நைனா நகரிக்குப் பக்கத்தில் கொஞ்ச நிலத்தில் கரும்பும் வேர்க்கடலையும் பயிர் வைத்துக்கொண்டிருந்தார். அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடுதான் இருந்தார். நகரியில் விசைத்தறிகள் எது நின்றுபோனாலும் மாமாவைத்தான் கூப்பிடுவார்கள். அக்கா திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்.சி. கணக்குக் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அத்தை. நைனாவின் தங்கையான அத்தையை அம்மாவின் அண்ணனுக்கே கொடுத்திருந்தார்கள், புத்தூரில் இருந்தாள். பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடு எங்களுடையது.

அக்கா மாமாவுக்கு என்று அவள் தொட்டிலில் கிடந்தபோதே பேசி வைத்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் அக்கா மகளைத் தம்பிக்குக் கட்டிவைப்பது புதிதில்லை. இது ரகசியமும் இல்லை, யாரும் உட்கார்ந்து பேசுகிற விஷயமும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் கிணறு இருப்பதுபோல அது பாட்டுக்கு இருந்தது. அந்த வருஷம்தான், படிப்பு முடியப் போகிறதே என்று, தையில் கல்யாணம் என நாள் பார்த்தார்கள்.

அக்காவுக்கு மேலே படிக்க ஆசை. எம்.எஸ்.சி. என்று ஒருமுறை வாயைத் திறந்தாள். “கண்ணாலம் ஆவட்டும், அப்பறம் உன் மாமன் பாடு” என்று நைனா முடித்துவிட்டார். அதன் பிறகு ஒரு நாள் அடுப்படியில் அவள் அம்மாவிடம், “எனக்கு மாமா மாமாவாவே இருக்கட்டும்மா” என்று சொன்னது என் காதிலும் விழுந்தது. கடலை உரித்துக்கொண்டிருந்த அம்மா சிரித்தாள். “கட்டிக்கினாலும் மாமான்னுதாண்டி கூப்டப் போற, போ.” அக்கா உரித்த கடலையை முறத்தில் அள்ளிக்கொண்டு போனாள். வாராவாரம் சனிக்கிழமை வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவள் அதற்கப்புறம் பரீட்சை, ரெக்கார்டு என்று ஏதாவது சொல்லி ஹாஸ்டலிலேயே இருந்துகொண்டாள்.

சார்ட்டும் ஸ்கெட்ச் பேனாவும் மாமாதான் வாங்கி வந்தார். பத்தாம் வகுப்புக் கணக்கில் கோட்டை விட்டதோடு படிப்பை நிறுத்தியவர் அவர். f(x)-ஐப் பார்த்துவிட்டு, “எனக்கு வெறும் எக்ஸே ஒத்து வரல, உனக்கு இன்னாடி அது பக்கத்துல கொடி புடிச்சிக்கினு ஒருத்தன்?” என்றார். ஆனாலும் முட்டை வட்டம் கோணாமல் வர, தட்டு ஒன்றைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டார்.

முதலில் எல்லாம் ஜோராகத்தான் போனது. நைனாவுக்கு ஓர் அம்பு, அம்மாவுக்கு ஓர் அம்பு. அத்தையிடம் வந்தபோது எனக்கே ஒரு சந்தேகம். நைனாவின் தங்கை என்று போனால் அத்தை. பெரிய மாமாவின் மனைவி என்று போனாலும் அத்தை. வழி இரண்டு, போய்ச் சேருகிற இடம் ஒன்று. ஆகவே அம்பு ஒன்றுதான். நம் ஆட்கள் இப்படி மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டும் முறை குழம்பாமல் வைத்திருக்கிறார்களே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தச் சமயம் பார்த்து அத்தையே புத்தூரிலிருந்து வந்து சேர்ந்தாள். தரையில் விரித்திருந்த சார்ட்டைப் பார்த்துவிட்டு, “அக்காளுக்கு அக்கான்னு மட்டும் போட்டுக் கீறியே? தைலேர்ந்து அவ உன் மாமன் பொண்டாட்டி. உனக்கு அத்தடி” என்றாள்.

அது எனக்குத் தோன்றவே இல்லை. சரிதானே? மாமாவின் மனைவி அத்தைதானே? பென்சிலை எடுத்து அக்காவின் பெயரிலிருந்து ‘அத்தை’க்கு இரண்டாவது அம்பைப் போட்டேன். போட்டபின்தான் சார் சொன்ன விதி நினைவுக்கு வந்தது.

மறுநாள் சார் சார்ட்டைப் பார்த்தார். சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் f போட்டு, அடைப்புக்குறிக்குள் என் அக்காவின் பெயரை எழுதினார். “ஆன்சர்?” என்று வகுப்பைப் பார்த்தார். பாதிப் பேர் “அக்கா!” என்றார்கள், பாதிப் பேர் “அத்தை!” என்று கத்தினார்கள். என் அக்காவை இப்படி ஏலம் போடுகிறார்களே என்று எனக்கு அழுகை வந்தது.

“ஒண்ணு உள்ள போட்டா ரெண்டு வருது. ஃபங்ஷன் காது, ஃபங்ஷன் இல்ல” என்றார் சார். அப்புறம் என்ன நினைத்தாரோ, என்னைப் பார்த்து, “மேரேஜ் ஆயிடுச்சா?” என்று கேட்டார்.

“இல்ல சார். தையில.”

“அப்ப இன்னிக்கி ஒரு அம்புதான். கரெக்ட்தான்.”

“ஆனா சார்ட்டு மார்ச்சு வரைக்கும் சுவத்துல இருக்குமே சார்? தைக்கு அப்பறம் தப்பாயிடுமே?”

சார் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். கெட்டிக்காரப் பெண்ணா, தொல்லை பிடித்த பெண்ணா என்று அவருக்கு விளங்கவில்லை போலும். பிறகு வகுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மெதுவாகச் சொன்னார். அவர் வீட்டிலும் அம்மாவின் தம்பியைத்தான் அவருடைய அக்கா கட்டிக்கொண்டிருக்கிறாராம். தெலுங்கில் அக்கா புருஷன் பாவா. ஆகவே அவருக்கு மாமாதான் இரண்டு அம்புக்காரர். “இன்னும் என் வாயில பாவா வரல. மாமான்னுதான் வருது. வீட்டுல யாரும் முடிவு பண்ணல. ஆனா ஃபங்ஷன்ல முடிவு பண்ணணும். நீ கேட்டு, ஏதோ ஒண்ணு வெச்சிக்கிட்டு வா.”

வீட்டில் கேட்டால் முடிவு கிடைக்கும் என்று நினைத்தது என் வெகுளித்தனம். “பொறந்ததிலேர்ந்து அக்கா. தாலி ஏறினா மட்டும் வேற ஆளாயிடுவாளா?” என்றாள் அம்மா. நிம்மதியாக ரப்பரைத் தேடிக்கொண்டிருந்தபோதே திரும்பி வந்து, “ஆனா பந்தியில நாலு பேரு எதிர்க்க அத்தன்னுதான் கூப்டணும். மாமன் பொண்டாட்டிக்கு மரியாத வாணாமா?” என்றாள். வீட்டுக்குள் ஒன்று, பந்தியில் ஒன்றா என்று கேட்டதற்கு, பானைத் தண்ணீர் எடுத்துவரச் சொன்னாள். நைனாவிடம் போனால், “உங்கம்மாவ கேளு” என்றார். கல்யாணத்துக்கப்புறம் அம்மாவே அக்காவுக்கு நாத்தனார் ஆகிவிடுவாளே என்று நான் ஆரம்பித்ததும், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டார்.

கடைசியாக மாமாவிடம் போனேன். முதலில் சிரித்தார். அப்புறம் சார்ட்டை வாங்கி, அந்தப் பென்சில் அம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். “இத்த நீ எங்கள கேட்டு இன்னா பிரயோஜனம்? அவளத்தான் கேக்கணும். ஞாயித்துக்கெழம திருப்பதி போலாம் வா. அவ இன்னா சொல்றாளோ அத ஒரு சொல்லு மாறாம என்கிட்ட வந்து சொல்லணும், சரியா?” என்றார். எனக்காக ரயில் ஏறி வருகிறாரே என்று சந்தோஷமாக இருந்தது. மாமா நல்லவர் என்று அன்று தோழிகளிடம்கூடச் சொன்னேன்.

அக்காவின் ஹாஸ்டலில் ஆண்களைக் கேட்டுக்கு உள்ளே விடமாட்டார்கள். நாங்கள் போகிறபோதெல்லாம் அக்காதான் கேட்டுக்கு ஓடி வருவாள், மாமா கொண்டுவந்த முறுக்கையும் கடலை உருண்டையையும் வாங்கிக்கொண்டு, நின்றபடியே வீட்டுக் கதையெல்லாம் கேட்பாள். அன்று மாமா, “நீ மட்டும் உள்ள போ. நான் இங்க கீறேன்” என்று பையை என்னிடம் கொடுத்துவிட்டார். சுருட்டிய சார்ட்டை ஒரு கையிலும் முறுக்குப் பையை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு மாடி ஏறினேன்.

அக்கா கட்டிலில் சார்ட்டை விரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். “இது டொமைன்னு எழுதணும்டி” என்று இடப்பக்கத்து வட்டத்தைத் தொட்டுக் காட்டினாள். அத்தைக்கு வழி இரண்டு, அம்பு ஒன்று என்று நான் விளக்கியபோது, “பரவால்லையே!” என்று என் தலையைத் தட்டினாள். அப்புறம்தான் பென்சில் அம்பு அவள் கண்ணில் பட்டது.

“இது யாரு போட்டது?”

“நான்தான். அத்த சொல்லிச்சி. சாரு ரெண்டு இருக்கக் கூடாதுன்னாரு. எது வாணும்னு நீ சொல்லு.”

“மாமா பாத்தாரா இத?”

“பாத்தாரு. உன்ன கேக்கச் சொன்னதே அவருதான். நீ சொல்றத மாறாம வந்து சொல்லணுமாம்.”

அக்கா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் கேட் தெரியும். அவள் பார்க்கவில்லை. நான் பையைப் பிரித்து முறுக்குத் தின்ன ஆரம்பித்துவிட்டேன். பிறகு எழுந்து போய் அவளுடைய பெட்டியிலிருந்து ரப்பரை எடுத்து வந்தாள். ‘அத்தை’க்குப் போகிற அம்பை அழித்தாள். கோடு போன பிறகும் விடாமல் தேய்த்துக்கொண்டே இருந்தாள். சார்ட் அந்த இடத்தில் பஞ்சு பஞ்சாக எழும்பிவிட்டது.

“கிழிஞ்சிடப் போவுதுக்கா!”

“ஒண்ணுதான்டி” என்றாள் அக்கா.

“தைக்கு அப்பறம்?”

“அப்பவும் ஒண்ணுதான்.”

“கண்ணாலம் ஆனா ரெண்டாவுமே?”

அவள் சார்ட்டைச் சுருட்டி நூல் கட்டிக் கொடுத்தாள். “இத்த மாமாகிட்ட காட்டு. நான்தான் அழிச்சேன்னு சொல்லு. அவருக்குப் புரியும்.”

“அவரு கணக்குல ஃபெயிலுக்கா!”

அதற்கு அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாமா கேட்டில் நிற்கிறார் என்று நினைவுபடுத்தியதற்கு, தலை வலிக்கிறது என்று சொல்லச் சொன்னாள்.

கேட்டில் நடந்ததை ஒரு சொல் மாறாமல் ஒப்பித்தேன். மாமா காம்பவுண்டுச் சுவரில் சார்ட்டை வைத்து விரித்து, பஞ்சாகிப்போன இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

“அவளேவா அழிச்சா?”

“ஆமா.”

“அழுதாளா?”

“இல்லியே. சிரிச்சிச்சி. தல வலியாம்.”

மாமா தலையை ஆட்டிக்கொண்டார். ஸ்டேஷனுக்கு எதிரில் எனக்கு மசால் தோசை வாங்கிக் கொடுத்துவிட்டு, தனக்கு டீ மட்டும் சொன்னார். அந்த டீயும் ஆடை கட்டிக்கொண்டு அப்படியே இருந்தது. ரயில் ரேணிகுண்டா தாண்டியதும் திடீரென்று கேட்டார்.

“அவ அம்பு போச்சே, என் அம்பு இன்னா ஆவும்?”

எனக்கு வாத்தியார் களை வந்துவிட்டது. இத்தனை நாளாக யாரும் என்னிடம் கணக்கில் சந்தேகம் கேட்டதில்லை. “உனக்குப் பிரச்சினையே இல்ல மாமா. அக்காவ கட்டிக்கினா நீ அக்கா புருஷன், மாமா. கட்டிக்கலன்னா அம்மா தம்பி, மாமா. எப்படிப் போனாலும் உனக்கு ஒரே அம்புதான். உள்ள உன்ன போட்டா வெளிய மாமாதான் வரும்.”

“மெய்யாலுமா?”

“சாரயே கேட்டுப் பாரு.”

“அப்ப சரி” என்றார் மாமா. அவருக்கு அதை விளக்கியபோதுதான் எனக்கு f(x) புரிந்தது. உள்ளே யார் போனால் என்ன வெளியே வரும் என்று தெரிந்தால் போதும், f-ஐப் பிடித்து விலை கேட்க வேண்டியதில்லை என்று அந்த ரயில் பெட்டியில், தோசை நெய் ஒட்டிய விரலோடு, எனக்குத் தெளிவாயிற்று. மாமா ஜன்னல் பக்கம் திரும்பி, புத்தூர் மலை வந்து போகும் வரை பார்த்துக்கொண்டே வந்தார். எனக்கு மட்டும் ஜன்னல் இடம் தரவில்லையே என்று ஒரு சின்ன வருத்தம்.

சார் வெரி குட் போட்டுச் சார்ட்டைக் கரும்பலகைக்குப் பக்கத்திலேயே மாட்டினார். பஞ்சாகிப்போன இடத்தைப் பார்த்து, “டெசிஷன் ஆயிடுச்சு போல?” என்றார். ஆமாம் சார், அக்காவே அழித்துவிட்டாள் என்றேன். எக்ஸிபிஷனுக்கு வந்தவர்களுக்கு விளக்கம் சொல்லிச் சொல்லி என் தொண்டையே கட்டிப்போனது.

கார்த்திகையில் ஒரு மத்தியானம் நைனா சாப்பிட்டபடியே, நகரியில் மண்டபத்துக்குச் சொல்லிவிட்டு வரவேண்டும் என்றார். எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமா நிமிராமல் அம்மாவிடம் சொன்னார்.

“மண்டபம் வாணாங்கா. காலேஜி படிச்ச பொண்ணு எனக்கு ஒத்து வராது. எனக்குக் கணக்கு சொல்லிக்குடுக்கறதுக்கா ஒருத்திய கட்டிக்கினு வர்றது?”

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று அம்மா இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். மாமா மறுபடியும் அதையே சொன்னார். நைனா பாதிச் சோற்றில் எழுந்து போனார். “இடுப்புல தூக்கி வளத்தேனேடா உன்ன!” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். புத்தூரிலிருந்து அத்தை வந்து தெருவுக்கே கேட்கும்படி சபித்தாள். யாரோ சத்தியவேட்டுப் பக்கம் அவருக்கு ஒரு பெண் இருக்கிறாள் என்று கிளப்பிவிட்டார்கள். மாமாவிடம் நேராகவே கேட்டார்கள். இல்லை என்று அவர் சொல்லவில்லை. அவருக்காக எனக்கு முதலில் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் என் அக்காவையா வேண்டாம் என்கிறான் என்ற கோபம் வந்ததும் மனசுக்குள்கூட அவரை மாமா என்று கூப்பிடுவதில்லை என்று வைராக்கியம் எடுத்துக்கொண்டேன்.

நைனாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. “படிச்ச பொண்ணு வாணாமாமே அந்தத் தொரைக்கு? அவன் கண்ணு எதிர்க்கவே என் பொண்ண எம்.எஸ்.சி. படிக்க வெக்கறேன், பாத்துக்கினு இரு!” என்று கூடத்தில் நின்று கத்தினார். தறிக்கொட்டகைக்குப் பக்கத்தில் தனியாக அறை எடுத்துக்கொண்டு போய்விட்ட மாமாவின் காதுக்கு அது எட்ட வேண்டும் என்று ஆள்விட்டும் சொன்னார். மாமா கேட்டுக்கொண்டு, சரி என்று மட்டும் சொன்னாராம்.

அந்த வாரம் அக்கா வந்தாள். எல்லாரும் அவளை நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். அம்மா அவள் தட்டில் கேட்டதைவிட அதிகமாகப் போட்டாள், நைனா அவளிடம் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். நான்தான் ஆறுதல் சொல்ல வேண்டும் என்று அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, “விடுக்கா, அவன் மூஞ்சிக்கு நீ அதிகம்” என்றேன். அக்கா சட்டென்று என் வாயைப் பொத்தினாள். கையை எடுத்தபோது அவள் கண் நிறைந்திருந்தது. “அவர அப்படிச் சொல்லாதடி” என்றாள். இவ்வளவு ஆசை வைத்திருந்தவளை இப்படிச் செய்துவிட்டானே என்று ஓடிப்போய் அம்மாவிடமும் சொன்னேன். அம்மா தம்பிக்குப் புதிதாக ஒரு சாபம் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் மாமா தன் துணிப்பெட்டியையும் ஸ்பேனர் பையையும் எடுத்துப்போக வந்தார். நல்ல வெயில். வாசலிலேயே நின்றார், உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. நைனா பின்பக்கமாகக் கிளம்பிப் போனார். அம்மா பெட்டியைக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். மாமா என்னைப் பார்த்தார். “இன்னாம்மா, சார்ட்டு இன்னும் சுவத்துல கீதா?” என்று கேட்டார். நான் அம்மாவைப் போலவே முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அக்கா அடுப்படியிலிருந்து சொம்பில் தண்ணீரோடு வந்தாள். எங்கள் யாரையும் பார்க்காமல் நேராக வாசலுக்குப் போய் அவரிடம் நீட்டினாள். மாமா இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். அவர் குடித்து முடிக்கும் வரை அவள் அங்கேயே நின்றாள். காலிச் சொம்பை வாங்கிக்கொண்டவள், அவர் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு தெருத் திரும்பும் வரை உள்ளே வரவில்லை.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஊரறியத் தன்னை வேண்டாம் என்று சொன்னவனுக்கு இவளே தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கிறாளே. அவள் உள்ளே வந்ததும், “உனக்குக் கொஞ்சங்கூட ரோஷமே கெடையாதா?” என்று கேட்டேன்.

“கெடையாது” என்றாள் அக்கா. முகத்தைத் துடைத்துக்கொண்டு, சொம்பைக் கழுவப் போனாள்.

இப்படி மானங்கெட்டவளுக்கா நான் இத்தனை பரிந்தேன் என்று எனக்கு வெறுத்துப்போயிற்று. பொங்கல் வரைக்கும் நான் அவளோடு பேசவில்லை.